தொட்டிக்குள் நான் இறங்கவில்லை

எனக்கு வாய் நீளம் என்று விசுவமடுவில் சொல்லாதவர்கள் இல்லை. சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் எண்பத்தைந்தில் நானும் அம்மாவும் இரண்டாவது முறையாக மூட்டையைத் தலையில் தூக்கியிருப்போம்.

முதல்முறை எழுபத்தேழுக் கலவரத்தில். மலையில் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தைக் கொளுத்தினார்கள். கட்டிய துணியோடு லொறியில் ஏறி வன்னிக்கு வந்தோம். ஒரு மிளகாய்த் தோட்டத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டோம். நிலம் தோட்டக்காரருடையது. மண் குழைத்துச் சுவர் வைத்தது, கிடுகு வேய்ந்தது, வாசலில் இரண்டு முருங்கை நட்டது எல்லாம் நாங்கள். அவருடைய தோட்டத்தில் வேலை செய்யும்வரை அங்கே இருக்கலாம் என்பது பேச்சு.

தோட்டக்காரர் நாலு வருடம் துபாயில் ஒரு ஹோட்டலில் நீச்சல் குளம் பார்க்கும் வேலை செய்துவிட்டு வந்தவர். வந்ததும் முதல் வேலையாகக் கிணற்றடியில் ஒரு பெரிய சீமெந்துத் தொட்டி கட்டினார். உள்ளே நீலப் பெயின்ற் வேறு. மண்ணெண்ணெய் மிசின் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து குழாய்வழியாக மிளகாய்ப் பாத்திக்குப் போகும். நீலம் ஒரு மாதத்தில் பச்சையாகிவிட்டது. பாசி பிய்ந்து வந்து குழாயை அடைக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை முழங்காலளவுக்கு இறக்கிவிட்டுப் பெண்கள் நாங்கள் உள்ளே இறங்கித் தேங்காய்த் தும்பால் தேய்க்க வேண்டும். அவர் விளிம்பில் கதிரை போட்டு உட்கார்ந்து துபாய்க் கதை சொல்லுவார்.

"அங்க மனுசர் இறங்கிறேல்லை. ஆமை மாதிரி ஒரு மிசின். தண்ணிக்கு அடியில தானாப் போகும். சுவரில முட்டினால் தானாத் திரும்பும்."

"எப்படித் திரும்பும் ஐயா?"

"அது தானாத் திரும்பும் பிள்ளை."

"அதான், தானான்னா எப்படி?"

"உனக்கு விளங்காது."

நாலு வருடம் அதன் பக்கத்தில் நின்றவருக்கு ஒருநாளாவது அதைக் குப்புறக் கவிழ்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை! எனக்கு அன்றைக்கே எரிச்சல் வந்தது. ஆனால் எரிச்சல் வயிற்றை நிரப்பாது என்று பேசாமல் தேய்த்தேன்.

ஒரு திங்கட்கிழமை அம்மா பாசியில் வழுக்கி விழுந்தாள். கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. முறிவு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக் கூட்டிவந்து படுக்கவைத்தேன். தோட்டக்காரர் வாசலுக்கு வந்தார். பார்க்க வந்திருக்கிறாரே என்று நினைத்தேன், மடைச்சி.

"ஆனைக்கும் அடி சறுக்கும்தானே" என்றார். "வாற கிழமை அம்மாவின்ர பக்கத்தையும் சேர்த்து நீ தேய்."

"ஆனை சறுக்கினா பாகனாச்சும் என்னாச்சுன்னு கேப்பான் ஐயா. நான் இனி அந்தத் தொட்டிக்குள்ள எறங்க மாட்டேன்."

"இறங்காட்டி?"

"எறங்க மாட்டேன். அவ்வளவுதான்."

அவர் முகம் கறுத்தது. வேலை இல்லையென்றால் குடிசையும் இல்லை என்றார். அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"துபாயில மிசின் தானா திரும்பிக் கழுவுதுன்னு சொல்றீங்களே. இங்கயும் கழுவட்டும். ஞாயித்துக்கெழம வரைக்கும் விடுங்க. நான் செஞ்சு காட்டுறேன்."

அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இப்போதும் காதில் நிற்கிறது. "சரி. ஞாயிறு உன்ர மிசின் தொட்டியைக் கழுவினால் ஒருத்தரும் இறங்கத் தேவையில்லை. கழுவாட்டி அண்டைக்கே குடிலை விட்டு வெளிக்கிடவேணும்."

"ஒன் வாயி ஒருநா நம்மள நடுத்தெருவுல நிறுத்தப் போகுது" என்றாள் அம்மா, கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு.   எது வந்தாலும் ஓடமாட்டேன். ஒருமுறை ஓடியதே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

என்னோடு தோட்டத்தில் வேலை செய்தவர்களில் ஒருத்தி கொக்கிளாய்க்காரி. என் வயதுதான். முந்தின வருடம் ஊரைவிட்டு வந்தவள். புருசனோடு கடலோரக் களப்பில், பின்னால் மிசின் பூட்டிய வள்ளம் ஓட்டிப் பழகியவள். கழுத்தில் செபமாலை, வாயில் வெற்றிலை. நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்போம். விசயத்தைச் சொன்னதும் "மாதாவே, உனக்கு விசரே!" என்றாள். பிறகு, "என்னென்ன சாமான் வேணும்?" என்றாள்.

கழுவும் மிசினை ஓடவைப்பது பெரிய காரியமாக இருக்கவில்லை. தண்ணீர் ஏற்றும் றப்பர்க் குழாயைக் கையிலிருந்து விட்டால் அது நிலத்தில் பாம்பாய்த் துள்ளும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் பின்னால் பாய, குழாய் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளல்தான் எனக்கு வேண்டும். ஒரு பலகையின் அடியில் தும்பை வரிசையாக ஆணி அடித்து இறுக்கினேன். மேலே இரண்டு கல்லைக் கட்டினேன், தாழ்வதற்கு. பின்பக்கம் ஓர் இரும்புக் குழாய்த் துண்டு. தண்ணீர் ஏற்றும் பெரிய குழாயின் நுனியைப் பலகையில் கட்டி, அதோடு அந்தத் துண்டைப் பழைய லொறி ரியூப்பால் பொருத்தினேன். றப்பர் என்பதால் அந்தத் துண்டு வால்போல இருபக்கமும் ஆடும், விட்டால் நடுவுக்கு வந்துவிடும். பெரிய குழாய் அடியில் இழுபடாமல் இருக்க மச்சாள் தன் பழைய வலையிலிருந்து மிதப்புகளை அறுத்துக் கட்டினாள். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் நேரத்தில், தோட்டக்காரர் கடைச் சந்திக்குப் போனபின், இறக்கிவிட்டோம்.

போனதே! நேராகப் போய், சுவரில் முட்டி, அங்கேயே நின்று உறுமியது. எத்தனை முறை விட்டாலும் சுவர்வரை பத்து அடி, பிறகு தவம்.

ஓடுவது பெரிதல்ல, திரும்புவதுதான் பெரிது என்று அப்போதுதான் தெரிந்தது. எட்டு வருடத்தில் மாட்டுவண்டி ஓட்ட நன்றாகப் பழகியிருந்தேன். வண்டி திரும்புவது கயிற்றால்தானே? ஆகவே வாலின் மேல் முன்பக்கம் நீட்டி ஒரு தடியைக் கைப்பிடியாகக் கட்டினேன். பலகையின் முன்னால் இரண்டு மூலையிலும் சைக்கிள் கம்பியில் மீசை வைத்தேன். மீசை சுவரில் முட்டினால் அது பின்னால் மடங்கி, ஒரு கயிற்றை இழுத்து, கைப்பிடியைத் திருப்பும். இடது மீசை முட்டினால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். எனவே இடது மீசை கைப்பிடியை வலப்பக்கம் இழுக்கும்படி கட்டினேன். வலது மீசைக்கு மறுபக்கம். மாடு அப்படித்தான் போகும். வலக்கயிற்றை இழுத்தால் வலம்.

மச்சாள் குந்தியிருந்து பார்த்தாள். வெற்றிலையைத் துப்பினாள்.

"உது பிழை."

"என்ன பிழை?"

"கயிறு மாறிக் கிடக்குது. கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால்தான் வள்ளம் வலப்பக்கம் போகும்."

"வலப்பக்கம் போகணும்னா வலப்பக்கம் இழுக்கணும். மாட்டுக்கே தெரியும்."

"மாட்டுக்குக் கயிறு தலையில. உதுக்குக் கயிறு வாலில. நீ வண்டியை நினைச்சுக் கட்டியிருக்கிறாய். உது வள்ளமடி."

"தொட்டில ஏதுடி வள்ளம்?"

"தண்ணிக்குள்ள போறதெல்லாம் வள்ளம்தான்."

எனக்கு வீம்பு. அவள் சொல்லி நான் மாற்றுவதா? புதன்கிழமை விட்டேன். இடது மீசை சுவரில் முட்டியது. மிசின் திரும்பியது, சுவரை நோக்கி. தாயைக் கண்ட கன்று மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டது. கயிறு தொய்ந்துவிட்டது என்று இறுக்கிக் கட்டினேன். இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. வியாழக்கிழமையும் அதே கூத்து. மச்சாள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்; பேசாமல் இருந்ததுதான் தாங்கமுடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வருவதற்கு முன்னால் போய் இரண்டு கயிற்றையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். இடது மீசை இடப்பக்கம் இழுக்க, வலது மீசை வலப்பக்கம். மிசினை இறக்கினேன். இடது மீசை முட்டியது. வால் ஒரு வெட்டு வெட்டியது. பலகை மூக்கைச் சுவரிலிருந்து எடுத்து, வலப்பக்கம் திரும்பி, தன்பாட்டில் போனது. போன வழியெல்லாம் பச்சைக்கு நடுவே ஒரு நீலக் கோடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன.

"ஆர் மாத்தினது?" என்று பின்னால் குரல்.

"எலி" என்றேன்.

"கெட்டிக்கார எலி" என்றாள் அவள்.

இன்னும் ஒரு வில்லங்கம் இருந்தது. மூலைக்குள் போனால் இரண்டு மீசையும் ஒன்றாக முட்டும். இரண்டு கயிறும் சமமாக இழுக்க, கைப்பிடி நடுவில் நிற்கும், மிசினும் நிற்கும். வள்ளக்காரிக்கு அதற்கு வழி தெரியவில்லை. களப்பில் ஏது மூலை! எனக்குத்தான் தோன்றியது. சோடி மாட்டில் ஒன்று முந்தினால்தானே வண்டி வளையும்? வலது மீசையை நாலு விரல் நீளமாக்கினேன். அது முதலில் முட்டி முதலில் இழுத்தது. மூலையிலிருந்து மிசின் வெளியே வந்துவிட்டது. "இது ஆர் சொன்னது, எலியோ?" என்றாள் மச்சாள். "இது மாடு" என்றேன். இரண்டுபேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

ஞாயிறு காலை தோட்டக்காரர் தனியாக வரவில்லை. நான் தோற்பதைப் பார்க்க அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஐந்தாறு பேரையும் கூட்டிவந்தார். மிசின் இறங்கியது. முட்டியது, திரும்பியது, மூலைக்குப் போனது, வெளியே வந்தது. பிய்ந்த பாசியைப் பெரிய மடையைத் திறந்து வெளியே விட்டோம். மத்தியானத்துக்குள் தொட்டி பழைய நீலம். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். தோட்டக்காரர் என்னைப் பார்க்கவேயில்லை. அவர்களிடம் திரும்பி, "நான் துபாயில பார்த்த சாமான்தான். என்ர யோசனை" என்றார்.

சரி, யோசனை அவருடையதாகவே இருக்கட்டும் என்று விட்டேன். அவர்கள் போனபின் என்னைக் கூப்பிட்டார்.

"நல்லாச் செய்திருக்கிறாய் பிள்ளை. இனித் தொட்டி கழுவ ஆள் தேவையில்லை. அம்மாவும் கை ஏலாமல் கிடக்கிறா. மாத முடிவில குடிலை விடுங்கோ. நான் அதில மிளகாய் மூட்டை வைக்கப்போறன்."

 என் கையால் செய்த மிசினை வைத்தே என்னை வெளியே தள்ளுகிறான் பாவி! கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. மிசினை மேலே இழுத்தேன். அவருக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இரண்டு கயிற்றையும் மாட்டுவண்டிக் கணக்கில் பழையபடி கட்டினேன். தண்ணீருக்குள் விட்டேன்.

"அப்ப மிசின் கழுவட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மிசின் நேராகச் சுவருக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அவர் தடியால் தள்ளினார், திரும்பவும் ஒட்டியது. மேலே எடுத்தார், தட்டினார், எண்ணெய் விட்டார். கயிறுகளைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. ஒரு கிழமை அப்படியே போனது. குழாயில் பாசி அடைத்தது, பாத்தி வாடியது. கூலிக்குக் கேட்டபோது அம்மா விழுந்த தொட்டிக்குள் இறங்க ஒரு பெண்ணும் வரவில்லை. மச்சாள் எல்லா வீட்டுக்கும் போய் வந்திருந்தாள். கடைசியில் அவரே சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கிய வேகத்திலேயே விழுந்தார்.

அன்று பின்னேரம் எங்கள் வேலிக்கு வந்தார். முழங்கையெல்லாம் பச்சை. நான் அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். மச்சாள் கதவடியில் இருந்தாள்.

"பிள்ளை, அந்த மிசின்..."

"குடிசைய மாசக் கடைசில விடணும்னீங்களே ஐயா. நாங்க மூட்ட கட்ட வேணாமா?"

"ஆர் விடச் சொன்னது? இருங்கோவன்."

"எவ்வளவு நாளைக்கு?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "இருக்கிற வரைக்கும்."

"வேலை இருந்தாலும், இல்லாட்டியும்?"

"ஓம்."

"கேட்டியா மச்சாள்?"

"ஓம், கேட்டனான்" என்றாள் அவள். "நாளைக்குப் பூசைக்குப் போற சனத்துக்கும் சொல்லுறன்."

அம்மாவின் கை முழுதாக நேராகவில்லை. ஆனால் அந்த முருங்கையில் அவள்தான் காய் பறித்தாள், பல வருடம். நான் ஒவ்வொரு ஞாயிறும் போய் மிசினுக்குக் கயிறு கட்டி விடுவேன். தொட்டி கழுவி முடிந்ததும் இரண்டு கயிற்றையும் அவிழ்த்து, மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.