ஆடி மாதத்துக் கவசம்

அத்தை கல்யாணமாகிப் போன இரண்டாம் மாதமே ஆடி வந்துவிட்டது. புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்து ஒரு மாதம் வைத்திருப்பது வழக்கம். அது எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன். "பத்து வயசுப் பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு? அத்தை வருதால்லா, அதோட இரு" என்றாள். நானும் அதோடு இருந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால், அத்தையைவிட அத்தையின் லேப்டாப்புக்காகத்தான் அதிகம் காத்திருந்தேன். அவள் இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டிருந்தார்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அவள் பிளஸ் டூ படித்தபோது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் அது. கல்யாணத்துக்குப் பின் கோயம்புத்தூருக்குப் போனபோது அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதில் ஒரே ஒரு விளையாட்டு உண்டு. பெரியப்பா மகன் பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றியது. ஒரு வேட்டைக்காரி, பெரிய காடு, காடு நிறைய ஓநாய், காட்டோரம் கவசம் அடிக்கும் ஒரு கொல்லன், மலை உச்சியில் நெருப்பைக் கக்கும் ஒரு டிராகன். அதைக் கொன்றால் ஆட்டம் முடிந்தது. நாங்கள் அதுவரை டிராகனின் வாலைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

அந்த வருஷம் சாரல் பிய்த்துக்கொண்டு விழுந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில், மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மலை தெரிய வேண்டும். பாதி நாள் மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் இருந்தது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறும், தூறிக்கொண்டிருக்கும்போதே வெயில் வரும். காயப்போட்ட பாவாடை மூன்று நாளானாலும் சில்லென்றே இருக்கும். விளையாட்டுக்குள்ளும் ஓயாத மழை. ஜன்னலுக்கு வெளியே பெய்வது எது, திரைக்குள் பெய்வது எது என்று சில சாயங்காலங்களில் எனக்குக் குழம்பிப் போகும். நம்முடைய மலைக்குப் பின்னால்தான் அந்தக் கொல்லன் உலை போட்டிருக்கிறான், மேகம் விலகினால் புகை தெரியும் என்று நான் உறுதியாக நம்பினேன். வகுப்பில் கணக்கு நடக்கும்போதும் ஜன்னல் வழியே அந்தப் புகையைத்தான் தேடிக்கொண்டிருப்பேன்.

எனக்கு விளையாட்டு என்றால் ஓடுவதும் வெட்டுவதும்தான். வழியில் கிடைக்கும் ஓட்டைக் கையுறை, துருப்பிடித்த கத்தி எல்லாவற்றையும் குப்பை என்று வீசிவிட்டு ஓடுவேன். அத்தை ஓடவே மாட்டாள். ஒவ்வொன்றையும் எடுத்து, அடியில் இருக்கும் ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகப் படிப்பாள். குப்பை என்று நான் வீசியதைக் கொல்லனிடம் கொடுத்து உடைத்தால் இரும்பும் தோலும் கிடைக்கும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அந்த இரும்பையும் தோலையும் வைத்துப் புதிதாகக் கவசம் அடிக்கலாம். அடித்ததை ஒவ்வொரு படியாக ஏற்றலாம். முதல் படிக்கு ஒரு ஓநாய்த்தோல் போதும், பத்தாம் படிக்கு நாற்பது வேண்டும். தலைக்கு, மார்புக்கு, கைக்கு, இடுப்புக்கு, காலுக்கு என்று கவசம் ஐந்து உருப்படி. ஐந்தும் ஒரே இனமாக இருந்து, ஐந்தும் பத்தாம் படிக்கு வந்தால்தான் டிராகனின் நெருப்பு சுடாது. நான்கு முடிந்து ஒன்று குறைந்தாலும் வேட்டைக்காரி கருகிப் போவாள்.

"அடிச்சத மறுபடி உடைச்சா, போட்ட தோலு பூராத்தையும் திருப்பிக் குடுத்துருவானா அத்தை?"

"பாதிதான் குடுப்பான். பத்தர்ட்ட பழைய கொலுசப் போட்டா சேதாரம் கழிப்பாருல்லா, அது மாதிரின்னு வச்சுக்கோ."

அவ்வளவுதான், எனக்கு மொத்தமும் விளங்கிவிட்டது. மறுநாளிலிருந்து ஓநாய் அடிப்பது என் பொறுப்பு, உலையைப் பார்ப்பது அவள் பொறுப்பு என்று ஆகிப்போனது.

இதற்கு நடுவில் ஒரு மத்தியானம், அடுப்படியில் அத்தை அம்மாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போயிருதாரு மதினி. போனையும் எடுத்துட்டுப் போயிருதாரு. பக்கத்து வீட்டுப் பிள்ளைட்ட ஜன்னல் வழியா பேசுனதுக்கு ரெண்டு நாளு சோறு திங்காம இருந்தாரு. என்னையும் திங்க விடல."

அம்மா கொஞ்ச நேரம் தேங்காய் துருவினாள். "புது ஊருல்லா, பயந்துகிட்டுப் பூட்டியிருப்பாரு. போகப் போகச் சரியாயிரும்" என்றாள்.

பகல் முழுக்கப் பூட்டிய வீடு. பள்ளிக்கூடம் கிடையாது, கடைக்குப் போ என்று விரட்ட ஆள் கிடையாது. கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தால் டிராகனை எப்போதோ முடித்திருக்கலாமே என்று அவளிடமே கேட்டேன். அத்தை என் தலையில் மெல்ல ஒரு குட்டு வைத்தாள்.

ஆடி பாதி கழிந்ததும், மாப்பிள்ளை என்றைக்கு வருகிறார் என்று அம்மா கேட்கத் தொடங்கினாள். ஒரு நாள் அத்தை சிரித்துக்கொண்டே, "இந்தக் கவசத்த முடிக்காம நான் எங்கயும் போறதா இல்ல மதினி" என்றாள். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டேன். கவசம் முடிந்தால் அத்தை போய்விடுவாள், முடியாவிட்டால் போகமாட்டாள். இவ்வளவு எளிதான வழி இருக்கும்போது அவளை நான் ஏன் விட வேண்டும்?

மறுநாள் காலையிலிருந்து வேலையை ஆரம்பித்தேன். அத்தை குளிக்கப் போனதும் லேப்டாப்பைத் திறந்து ஏதாவது ஒன்றை உடைத்துவிடுவேன். ஒரு நாள் கையுறை, ஒரு நாள் காலணி. அந்தக் கையுறைக்காக நான் அடித்த ஓநாய்களை நினைத்தால் அழுகையே வரும். ஆனாலும் உடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளாகப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

"என்னட்டி, எட்டாம் படியில இருந்த கையுறையக் காணும்?"

"தெரியல அத்தை. சாரலுக்குக் கெட்டுப்போயிருக்கும்."

"இருக்கும், இருக்கும். சரி, வா, ஓநாய் அடிப்போம்" என்பாள்.

அப்பா குற்றாலத்தில் ஒரு சின்ன லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்திவந்தார். சீசன் வந்துவிட்டால் தூக்கமும் அங்கேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நானும் அத்தையும் போனோம். அத்தை தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, ஒங்ககிட்ட ஒரு விசயம் பேசணும்" என்றாள். அதற்குள் ரூம் கேட்டு ஒரு குடும்பம் வந்து நின்றது. மாடியிலிருந்து ஒருவர் வெந்நீர் வரவில்லை என்று சத்தம் போட்டார். "சீசன் முடியட்டும்ட்டி. ஒக்காந்து நிதானமாப் பேசுவோம்" என்று சொல்லிக்கொண்டே அப்பா மாடியேறிவிட்டார். ஆடி முடிந்த பிறகும் சீசன் இருக்கும் என்பது அத்தைக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் அருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. அத்தை உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. காவலுக்கு நின்ற போலீஸ் அக்கா விசில் ஊதி ஊதிப் பார்த்து, கடைசியில் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். துவட்டிக்கொள்ளாமல் அப்படியே படியில் உட்கார்ந்து, "உள்ள நின்னா யாரு கூப்பிட்டாலும் கேக்க மாட்டேங்கு. நல்லாருக்குட்டி" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. அருவியில் ரொம்ப நேரம் நின்றால் கண் சிவக்கத்தான் செய்யும்.

அடுத்த வாரம்தான் அந்த அதிசயம் நடந்தது. காலையில் நான் உடைக்கப் போனபோது, மார்புக் கவசமும் தலைக்கவசமும் ஏற்கெனவே உடைந்து கிடந்தன. நான் தொடவே இல்லை. மறுநாளும் அப்படியே. நான் அத்தையிடம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது, சாரல் ஈரம் லேப்டாப்புக்குள் இறங்கிவிட்டது என்று பயந்தே போனேன். நனைந்த போனை அரிசிக்குள் போட்டால் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று யாரோ சொன்னது நினைவில் இருந்தது. லேப்டாப்பைத் தூக்கி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டேன்.

பாதி வழியில் குடையை மறந்தது தெரிந்து திரும்பி ஓடிவந்தேன். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, சோத்துக்கு அரிசி எடுக்கப் போனா உள்ள பொட்டி கெடக்கு. கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அழுதுகொண்டே குடையை எடுக்க உள்ளே போனேன். அத்தை விசைகளுக்கு நடுவில் சிக்கிய அரிசியை ஊதி எடுத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் ஒன்பதாம் படிக்கு ஏற்றிய இடுப்புக் கச்சையைக் கொல்லனிடம் கொடுத்தாள். உடைத்தாள். பிறகு காலணி. அதையும் உடைத்தாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. நான் சத்தம் காட்டாமல் குடையோடு வெளியே வந்துவிட்டேன். அத்தைக்கும் என்னை விட்டுப் போக மனமில்லை! வழி முழுக்கக் குதித்துக்கொண்டே போனேன்.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் மாமாவும் அவருடைய அம்மாவும் காரில் வந்தார்கள். அப்பா லாட்ஜைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். மத்தியானம் கூடத்தில் இலை போட்டார்கள். அத்தையின் பெட்டி கட்டித் தயாராக நடையில் இருந்தது. மாமா எனக்கு ஒரு பெரிய சாக்லேட் கொடுத்துவிட்டு, "என்ன பாப்பா, ஒங்க அத்தை ஒரு மாசமா போனே எடுக்கல. அப்படி என்ன வேலை இங்க?" என்று கேட்டார்.

என்னிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. உலையிலிருந்து ஆரம்பித்து, ஐந்து உருப்படி, பத்துப் படி, டிராகன் நெருப்பு எல்லாம் மூச்சுவிடாமல் விளக்கினேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் தினமும் திருட்டுத்தனமாக உடைத்ததைச் சொன்னபோது மாமாவின் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. அந்தச் சிரிப்பு தந்த உற்சாகத்தில், "நான் மட்டுமா? எனக்குத் தெரியாம அத்தையும் உடைப்பா. நான் பாத்தேன்" என்றேன்.

"அவ எதுக்கு உடைக்கா?" என்று அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"முடிஞ்சா ஊருக்குப் போணும்லா. அதான்."

யாரும் சிரிக்கவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு நின்றாள். அப்பா என்னையே பார்த்தார். "உடைச்சா, போட்டதெல்லாம் திரும்பக் கெடைக்குமா?" என்றார்.

"பாதிதான் கெடைக்கும்ப்பா."

"பாதி போனாலும் போட்டும்னு உடைச்சிருக்கா" என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தையிடம், "ஏட்டி, ஒனக்குப் போணுமா?" என்று கேட்டார்.

அத்தை இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு, அது போதாது என்று பட்டதோ என்னவோ, "நான் போகல அண்ணே" என்று வாய்விட்டும் சொன்னாள்.

"ஒரு கம்ப்யூட்டர் வெளையாட்டுக்காகவா இந்தக் கூத்து?" என்று மாமாவின் அம்மா எழுந்தாள்.

"வெளையாட்டப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. என் தங்கச்சி இங்கன இருக்கட்டும்" என்றார் அப்பா. அதற்குமேல் நடந்தது எனக்குத் தெரியாது. என்னை மாடிக்கு விரட்டிவிட்டார்கள். கீழே ரொம்ப நேரம் சத்தம் கேட்டது. பிறகு கார்க் கதவு சாத்தும் சத்தம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது கார் தூறலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அத்தையின் பெட்டி நடையிலேயே இருந்தது. என் திட்டம் பலித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் அத்தை முகம் கழுவிக்கொண்டு மேலே வந்தாள். லேப்டாப்பைத் திறந்து, உலைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு மரப்பெட்டியைத் தொட்டாள். அதைத் திறக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. உள்ளே அடுக்கடுக்காக ஓநாய்த்தோல், இரும்பு, எலும்பு. உடைத்தபோதெல்லாம் கிடைத்த பாதிகளும், நான் அடித்துக் கொண்டுவந்ததில் பெரும்பகுதியும் அங்கேதான் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கொல்லனிடம் கொடுத்தாள். தலை, மார்பு, கை, இடுப்பு, கால். அம்மா பால் காய்ச்சி மேலே கொண்டுவருவதற்குள் ஐந்தும் பத்தாம் படிக்கு வந்துவிட்டன. வேட்டைக்காரி உடம்பெல்லாம் நீலமாக மின்னிக்கொண்டு மழைக்குள் நின்றாள்.

"இவ்வளவும் எப்பருந்து இருக்கு அத்தை?"

"முடிக்கத் தேவையானது ஆடி பாதியிலயே சேந்துட்டு."

"அப்ப ஏன் முடிக்கல?"

"இன்னைக்கு முடிக்கலாம்னு தோணிச்சு" என்றாள் அத்தை. பால் டம்ளரோடு நின்ற அம்மா, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷமான நாளில் அம்மா எதற்கு அழுகிறாள் என்று நான் கவனிக்கும் நிலையில் இல்லை. எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டே என்னை மாதம் முழுக்க ஓநாய் அடிக்க விட்டிருக்கிறாள்! இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. இப்படி ஓர் ஏமாற்றுக்காரியை வீட்டோடு வைத்துக்கொள்ள அப்பா எப்படிச் சம்மதித்தார் என்று எனக்குப் புரியவே இல்லை.