பச்சைக்கோட்டு அக்காவும் ஆறு மாடிகளும்

கடையில் முட்டை அட்டையைத் திறந்து, அக்கா ஒவ்வொரு முட்டையையும் விரல் நுனியால் லேசாக உருட்டிப் பார்க்கிறார். உருண்டால் நல்லது, அடியில் ஒட்டிக்கொண்டால் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டையும் உருட்டி முடித்த பிறகுதான் அட்டை பைக்குள் போகும். பக்கத்தில் நிற்கும் மற்ற டெலிவரி ஆட்கள் அதற்குள் பாதி ஆர்டரை அள்ளிப் போட்டிருப்பார்கள். "நம்ம வீட்டுக்குன்னா உடைஞ்சத எடுப்போமா? அவங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க?" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து குரல் வரும்.

ஆள் குள்ளம், குரல்தான் நெட்டை. வெயிலானாலும் மழையானாலும் முழங்காலுக்குக் கீழே தொங்கும் பச்சை மழைக்கோட்டு. நோய் ஊரைப் பிடித்த முதல் வாரத்தில் கணவர் மாட்டிவிட்டது அது. அவர் சினிமா தியேட்டரில் படம் ஓட்டுகிறவர். தியேட்டரைப் பூட்டியதும் அவர் வேலைக்கும் பூட்டு விழுந்தது. அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது அக்காவின் ஸ்கூட்டராலும், போனில் இருக்கும் டெலிவரி ஐடியாலும்தான். கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடும். கழற்றச் சொன்னால், "அந்த மனுசன் வாசல்ல நின்னு பட்டன் போட்டு அனுப்புறாருப்பா. எப்படிக் கழட்டுறது?" என்பார்.

சாயங்காலம் வீடு திரும்பினால் கணவர் இடுக்கியோடு தயாராக இருப்பார். டிப்ஸாக வந்த நோட்டுகளை இடுக்கியால் வாங்கி, சோப்புத் தண்ணீரில் முக்கி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பது அவர் இலாகா. கொடி நிறையப் பணம் காய்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தாள் காய்ந்தால் அதிகம்.

டிப்ஸ் விஷயத்தில் அக்காவிடம் யாராவது பேட்டி எடுத்தால் நாள் முழுக்கப் பேசுவார். தேதி முடிந்த பிஸ்கட்டைப் பாசத்தோடு நீட்டுகிறவர்கள் உண்டு. கிருமி போகட்டும் என்று நாணயங்களைச் சோப்புத் தண்ணீர் டம்ளரில் போட்டு வாசலில் வைத்து, டம்ளரை மட்டும் திருப்பிக் கேட்கிறவர்கள் உண்டு. கொடுத்தால் தப்பாக நினைப்பாளோ, கொடுக்காவிட்டால் தப்பாக நினைப்பாளோ என்று கதவிடுக்கில் நின்று தவிக்கிறவர்களும் உண்டு. "நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேங்க, குடுங்க" என்று அவர்களின் குழப்பத்தை அக்காவே தீர்த்துவைப்பார்.

அவருக்கென்று ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு கிலோ அரிசி, ஒரு சோப்பு, வேறு எதுவும் இல்லை என்று ஆர்டர் வந்தால், அந்த வீட்டில் டிப்ஸ் வாங்கவே மாட்டார். "இருக்கட்டும்மா, அடுத்த தடவ சேத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவார். அடுத்த தடவையும் அதையேதான் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்கு எமனாக வாய்த்தது ஓர் ஆறு மாடிக் கட்டடம். மாடிக்கு ஒரு வீடு. லிப்ட் பழுதாகி மூன்று மாதம். பழுது பார்க்கிறவர் நோய்க்குப் பயந்து வரவில்லை. படிக்கட்டோ ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய அகலம். கம்பெனிக்கு இதெல்லாம் தெரியாது. அதன் கண்ணில் எல்லா வீடும் தரைத்தளம்தான். குறித்த நேரத்துக்குள் வீட்டுக்காரர் தன் போனில் 'கிடைத்தது' என்று அழுத்தினால் பச்சை, தாண்டினால் சிவப்பு. ஒரே வாரத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் ஐடியை முடக்கிவிடுவார்கள். அப்புறம் அழுதாலும் புரண்டாலும் ஒரு மாதம் திறக்காது.

அந்தக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இருந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. இருமுவதைக்கூட முன்னறிவிப்போடு செய்கிறவர். போனில் ஆர்டர் போடும்போது தாராளமாக டிப்ஸ் எழுதுவார். பை வீட்டுக்குள் போனதும் எழுதியதை எடுத்துவிடுவார். மூன்று முறை இப்படி. அக்காவுக்கு வயிறு எரிந்தது.

ஆறாம் மாடியில் ஓர் இளம் தம்பதி. இருவரையும் நோய் படுக்கப் போட்டிருந்தது. இரண்டு வாரமாக அந்தக் கடைசிப் படிகளில் அக்காவின் செருப்பைத் தவிர வேறு செருப்பு ஏறவில்லை. பையை வாசல் ஸ்டூலில் வைத்து, இரண்டு தட்டு தட்டி, எட்டுப் படி இறங்கி நின்றுகொண்டு, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்பார். கதவு திறந்து பை உள்ளே போகும்வரை நகர மாட்டார். "டிப்ஸ் எதுவும் போட முடியலக்கா" என்று அந்தப் பெண் ஒருநாள் அழுதபோது, "மொதல்ல எந்திரிச்சு உக்காருங்க. எனக்கு அது போதும்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு சிவப்பு விழுந்திருந்தது. இரண்டும் இந்தக் கட்டடத்தின் உபயம். அன்றைக்கும் இங்கேதான் ஆறு வீட்டுக்கு ஆறு பை. ஆறேகாலுக்குள் முடிக்க வேண்டும். கடையில் வரிசை நீண்டு, ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தார். ஐந்து பைகளைக் கீழே அடுக்கிவிட்டு, செயலாளர் வீட்டு அரிசிப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினார். வலது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் முனகியது.

மூன்றாம் மாடிக்குப் போகும்போது மணி ஆறு. சொல்லிவைத்தாற்போல் ஆறாம் மாடியைத் தவிர எல்லாக் கதவும் திறந்தன. ஊரெல்லாம் பால்கனியில் நின்று, வெளியில் உழைக்கிறவர்களுக்காகக் கை தட்டிக்கொண்டிருந்த காலம் அது. பால்கனியில் தட்டுவது காற்றுக்குத்தான் போகிறது, நேரில் தட்டுவோம் என்று சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. மாடிக்கு மாடி ஆட்கள், இரண்டு கை இடைவெளி விட்டு, படிக்கட்டை அடைத்து நின்று தட்டினார்கள். கட்டடமே அதிர்ந்தது.

"வழி விடுங்க" என்றார் அக்கா. அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஐந்தாம் மாடியிலிருந்து செயலாளர் ஒரு காகிதத்தைப் பிரித்தார். "நம் அனைவரின் சார்பிலும், இந்தத் தன்னலமற்ற..." என்று தொடங்கினார். காகிதம் இரண்டு பக்கம் இருந்தது.

"சார், நிறுத்துங்க!"

நெட்டைக் குரல் ஆறு மாடியும் ஏறி இறங்கியது. தட்டிய கைகள் அப்படியே நின்றன.

"நீங்க தட்டுற தட்டுல என் வேல போகப்போகுது. ரெண்டு சிவப்பு விழுந்தாச்சு. பன்னெண்டு நிமிசத்துல ஆறு பையும் போய்ச் சேரலன்னா என் ஐடிய மூடிடுவாங்க. வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். கைத்தட்டல ஊத்துனா என் ஸ்கூட்டர் ஓடுமா?"

பேச்சு வந்துவிட்ட வேகத்தில் அடிவயிற்று எரிச்சலும் வெளியே வந்தது. "சார், நீங்க மூணு தடவ டிப்ஸ எழுதிக் காட்டிட்டுத் திரும்ப எடுத்துட்டீங்க. அதுக்கு நீங்க எழுதாமலே இருந்திருக்கலாம்."

செயலாளர் காகிதத்தை இறக்கினார். "அது... முன்பணம் இல்லையாம்மா? கேஸ் சிலிண்டருக்குக் கட்டுற மாதிரி? பொருள் வந்ததும் திருப்பி எடுத்துக்கணும்னுல்ல நெனச்சேன்!"

நான்காம் மாடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாள் எரிந்த வயிறு அந்த இடத்திலேயே குளிர்ந்தது.

"சரி, போகட்டும். எல்லார் கையும் இப்ப சும்மாதான இருக்கு? ஆளுக்கு ஒரு மாடி தூக்குங்க. பைய வச்சுட்டுத் தள்ளி நில்லுங்க, மேல் மாடிக்காரங்க எறங்கி வந்து எடுக்கட்டும். யாரும் முட்டிக்காதீங்க!"

அரிசிப் பையை அங்கேயே இறக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே வந்து பைகளை ஒவ்வொன்றாக அனுப்பினார். "அதுல முட்ட இருக்கு, நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க!" என்ற அதட்டல் மேலே போனது. முதல் மாடி மூச்சு வாங்கியது. இரண்டாம் மாடி, "அடேயப்பா, இத தெனமும் தூக்குறாங்களா?" என்றது. போனில் பச்சை விழத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து பச்சை விழுந்தபோது நான்கு நிமிடம் மீதி.

ஆறாவது பை ஐந்தாம் மாடியில் நின்றுவிட்டது.

மேலே இருப்பது நோய் வீடு. அங்கிருந்து இறங்கி வர ஆள் இல்லை, அந்தப் படிகளில் ஏறவும் யாரும் துணியவில்லை. பைக்கு எதிரே நின்றவர் செயலாளர். அக்கா கைப்பிடியைப் பற்றி ஏறப் பார்த்தார். முழங்கால் மாட்டேன் என்றது. மூன்று நிமிடம்.

"சார்," என்று கீழிருந்து கூப்பிட்டார். இந்த முறை குரலில் அதட்டல் இல்லை. "ஸ்டூல் மேல வச்சு, ரெண்டு தட்டு தட்டிட்டு, எட்டுப் படி எறங்கி நின்னுக்கோங்க. ரெண்டு வாரமா நான் அப்படித்தான் செய்யறேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அவங்க பசியோட இருக்காங்க சார்."

கட்டடம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. செருப்புச் சத்தம் ஒன்று தயங்கித் தயங்கி மேலே ஏறியது. ஸ்டூல் கிறீச்சிட்டது. டொக், டொக். எட்டுப் படி இறங்கும் சத்தம். கதவு திறந்தது.

"சாப்டீங்களாம்மா?" என்று செயலாளரின் குரல் கேட்டது.

ஆறாவது பச்சை விழுந்தது. ஒரு நிமிடம் மீதி.

"விழுந்துருச்சு!" என்று அக்கா கத்தினார். மாடிக்கு மாடி ஆரவாரம். போன் டிங் டிங்கென்று விடாமல் அடித்தது. ஐந்து மாடியிலிருந்தும் டிப்ஸ் வந்துகொண்டிருந்தது. அக்கா அதை எடுத்துப் பார்க்கவில்லை. போனைக் கோட்டுப் பைக்குள் போட்டார். கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகினார். படிக்கட்டின் நடுவெளியில் போய் நின்று, மாடிக்கு மாடி எட்டிப் பார்த்த முகங்களை அண்ணாந்து பார்த்து, பச்சைக் கோட்டின் கை நழுவி முழங்கைக்கு இறங்க, பலமாகக் கை தட்டினார்.