திருகாணி இல்லாத முயல்

காலை 6.10, திருவான்மியூர். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி செல்லும் பேருந்தில் இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. கட்டணம் நூற்று எண்பது ரூபாய். தூரம் ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். சனிக்கிழமையானதால் பேருந்து முழுக்க இளைஞர்கள். புதுச்சேரிக்கு நான் பல முறை போயிருக்கிறேன், எல்லாம் ஓய்வுக்காக. இம்முறை போனது, நான் பார்த்தே இராத ஒரு பெண்ணிடம் ஓர் உண்மையைச் சொல்ல. மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தேன். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் முயல் இருந்தது.

8.30, மரக்காணம். சாலையின் இருபுறமும் உப்பளங்கள். பக்கத்து இருக்கைக்காரர் கல்பாக்கத்தில் ஏறியவர். ஸ்கேன் உறையைச் சுருட்டாமல் நிமிர்த்திப் பிடித்திருந்தார். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் அவர் தங்கை சேர்க்கப்பட்டிருக்கிறாளாம். பையிலிருந்து எட்டிப் பார்த்த முயல் காதைக் கண்டார்.

"பேரப்புள்ளைக்கா சார்?"

"இல்லை."

"பின்ன?"

முயலின் காதைப் பைக்குள் தள்ளினேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. சென்னைத் துறைமுகத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சுங்க முகவராக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைப்பவருக்கும் சுங்கத் துறைக்கும் நடுவில் நின்று, வேண்டிய தாள்களை எழுதித் தருவது என் தொழில். எந்தப் பொருள் எந்த வரித் தலைப்பில் வரும், எதற்கு உரிமம் வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று ஆணை வந்தது. வெளிநாட்டுத் தொழிற்சாலையே இங்கு உரிமம் வாங்க வேண்டும். பொம்மை சோதனைக்குப் போக வேண்டும். அந்தச் சோதனை பார்ப்பவற்றில் ஒன்று, பொத்தான் அளவு பேட்டரி இருக்கும் அறையின் மூடி. குழந்தையின் விரலுக்குத் திறக்காதபடி அதில் திருகாணி இருக்க வேண்டும். ஆணை வந்த புதிதில் என் வாடிக்கையாளர் ஒருவருக்கு வந்த பாடும் பொம்மை முயல்களில் திருகாணி இல்லை. உரிமமும் இல்லை. அவர் என்னிடம் வழி கேட்டார். நான் வழி சொன்னேன்.

பொம்மை என்று எழுதினால் முத்திரை வேண்டும். பிறந்தநாள் விழா அலங்காரம் என்று எழுதினால் வேண்டாம். கொள்கலத்தின் முன்வரிசைகளில் தோரணங்களையும் காகிதத் தொப்பிகளையும் அடுக்கச் சொன்னேன். முயல்கள் பின்னால் வந்தன. சரக்கு இறங்கிய முற்றத்தில் ஒரு பெட்டி உடைந்து ஒரு முயல் வெளியே விழுந்தது. எடுத்துத் திருப்பினேன். கட்டைவிரல் பட்டதும் முதுகு மூடி கழன்று கையோடு வந்தது. மூடியைச் சட்டைப்பையிலும் முயலைக் கைப்பையிலும் போட்டுக்கொண்டு தாளில் கையெழுத்திட்டேன்.

அந்த மூடியைப் பார்த்தவன் நான். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

9.25, புதுச்சேரிப் பேருந்து நிலையம். வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் ஒருவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"கட பத்து மணிக்குத்தான் தொறக்கும் பெருசு. அதுக்குள்ள ஒரு டீ சாப்டுங்க."

"எந்தக் கடை?"

"மெட்ராஸ்லேருந்து ஒரு துணிப்பையோட வந்துட்டு எந்தக் கடைங்கறீங்களே."

நேரு வீதி, பெரிய மார்க்கெட் பக்கம் என்றேன். எண்பது ரூபாய் கேட்டார். வழியில் பையைக் காட்டி, "நெஜமாவே சரக்கு வாங்க வரலியா?" என்று இன்னொரு முறை கேட்டார். கொடுக்க வந்தேன் என்றேன். சிரித்தார்.

9.45. லூர்துநாதனின் கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. பத்தடி அகலம். நோட்டுப் புத்தகம், பேனா, ஜெராக்ஸ் இயந்திரம், ஜெபமாலைகள். முன்பு இது பொம்மைக் கடை. அறுபதைத் தாண்டிய மனிதர். அந்த முயலை இவர் சென்னை மொத்தக் கடையில் வாங்கி இங்கே விற்றார். கருவடிக்குப்பத்தில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று அதன் பேட்டரியை விழுங்கியது. அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு உள்ளே சுட்டுப் புண்ணாக்கியது. குழந்தை பிழைத்தது, குரல் பழுதாகிவிட்டது. இவ்வளவையும் எழுதி, பொறுப்பு யாருடையது என்று கேட்டு, லூர்துநாதன் அப்போது இறக்குமதியாளருக்குக் கடிதம் போட்டிருந்தார்.

சென்ற மாதம் என் முகவர் உரிமத்தை ஒப்படைத்துவிட்டு அலுவலக மேசையைக் காலி செய்தபோது, அடி இழுப்பறையில் முயலும் அந்தக் கடிதமும் அதற்குப் போன பதிலின் நகலும் ஒன்றாகக் கிடந்தன. கடிதத் தலைப்பில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசினேன். நான் யார் என்று சொன்னேன். "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"அந்த எறக்குமதிக்காரரு பதில் போட்டாரே, நல்ல இங்கிலீஷ்."

"அதை எழுதியது நான். அவர் கையெழுத்து மட்டும்தான் போட்டார்."

அவர் ஜெராக்ஸ் இயந்திரத்தை அணைத்தார்.

"'பெரியவர்கள் மூடியைச் சரியாக மூடாததால் நேர்ந்தது'ன்னு ஒரு வரி. அது?"

"அதுவும் நான்தான்."

வாடிக்கையாளருக்கு எந்தப் புகார் வந்தாலும் நான் எழுதித் தரும் வரி அது. மின்விசிறிக்கும் எழுதியிருக்கிறேன், கத்திக்கும் எழுதியிருக்கிறேன். அந்த வரிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருப்பார் என்று நினைத்ததில்லை.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல அதத் தமிழ்ல படிச்சுக் காட்டினது நானு" என்றார் லூர்துநாதன். "புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் நின்னாங்க. நம்ம கடையில வித்தது, தப்பு நம்மளுதுன்னு மொத நாளே போய்ச் சொன்னவன் நானு. அன்னைக்கு அந்த வரியத் தாண்டிப் படிச்சிருக்கலாம். படிச்சுட்டேன். அவன் அவளத் திரும்பிப் பாத்தான் பாருங்க ஒரு பார்வ. அன்னைலேருந்து அந்த ஊட்ல எது ஒடைஞ்சாலும் அவதான் ஒடைச்சா."

கடையின் கதவை இழுத்து மூடி, ஸ்கூட்டரைக் கிளப்பினார். "ஏறுங்க. கெட்டியாப் புடிச்சுக்கங்க. ஒங்களக் கீழ போட்டா அதுக்கும் ஒரு வரி எழுதிடுவீங்க."

10.40, கருவடிக்குப்பம். நகருக்கு வடக்கே நான்கு கிலோமீட்டர். மாடி வீட்டின் பின்பகுதியில் இரண்டு அறைகள். குழந்தையின் அம்மா அமுதா புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். "வாங்கண்ணே" என்றவள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். டி.வி. ரிமோட்டின் முதுகில் கறுப்பு டேப் நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தது. அலமாரியில் இருந்த அலாரக் கடிகாரத்துக்கும் அப்படியே.

நின்றுகொண்டே சொன்னேன். யார் நான், என்ன எழுதினேன், எதற்காக எழுதினேன். பிறகு முயலை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் கை பின்வாங்கியது.

"பேட்டரி இல்லம்மா. எடுத்துட்டேன்."

வாங்கினாள். மூடியைப் பொருத்தி அழுத்தினாள். 'டிக்' என்று கேட்டது. லேசாகக் குலுக்கினாள். மூடி தரையில் விழுந்தது. மறுபடி பொருத்தினாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை அவள் குலுக்கக்கூட இல்லை, தானாகவே விழுந்தது.

"இந்தச் சத்தம் கேட்டுச்சு" என்றாள். "அன்னைக்கும் கேட்டுச்சு. மூடினேன், டிக்குன்னு கேட்டுச்சுன்னு எத்தினியோ வாட்டி சொன்னேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மூடலியோன்னு."

"நீங்க மூடினீங்க. அது மூடாது. எனக்குத் தெரியும்."

நான் மேலே பேசப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்ட சொல்லி என்னாத்துக்கு? அவரு ரெண்டே முக்காலுக்கு வருவாரு. அவருகிட்ட சொல்லுங்க. இருப்பீங்களா?"

இருக்கிறேன் என்றேன்.

11.00 முதல் 2.45 வரை. இந்த மூன்றே முக்கால் மணி நேரம்போல் நீண்ட காத்திருப்பு எனக்குத் துறைமுகத்தில்கூட வாய்த்ததில்லை. லூர்துநாதனும் போகவில்லை. அமுதா தைத்தாள். நடுவில் எழுந்து ரசமும் அப்பளமும் வைத்துச் சோறு போட்டாள். நான் தயங்கியபோது, "சாப்புடுங்க. சாப்புடாத ஆளு சொன்னா தெம்பாச் சொல்ல மாட்டாரு" என்றாள்.

குழந்தை தர்ஷினி மாடியில் விளையாடிவிட்டு வந்தாள். இப்போது எட்டு வயது. முயலைப் பார்த்து, "இது பாடுமா தாத்தா?" என்று கேட்டாள். காற்று மட்டும் வருவது போன்ற குரல். நாலடி தள்ளி நின்றால் கேட்காது.

"பாடாதும்மா."

"நானும் ஸ்கூல்ல பாட்டுக்கு வாயி மட்டும் அசைப்பேன். மிஸ்ஸுக்குத் தெரியும்." மறைக்க எதுவும் இல்லாதவள்போல் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். மிடறு மிடறாக, ஒவ்வொரு மிடறுக்கும் நின்று.

2.45. அமுதாவின் கணவர் வேல்முருகன் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து வந்தார். அவருடைய அப்பா அருகிலுள்ள கிராமத்தில் இன்னும் மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறாராம். வந்தவுடன் லூர்துநாதனைப் பார்த்துச் சிரித்தவர், என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். இரண்டாம் முறை எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. எந்த வார்த்தை வலிக்கும் என்று இப்போது தெரிந்திருந்தது.

அவர் முயலை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு முறை தொட்டார். மூடி விழுந்தது. எடுக்கவில்லை.

"ஒங்க வீட்ல கொழந்தைங்க இருக்கா?"

"அப்போது பேரன்கள் இரண்டு பேர். ஒருவனுக்கு மூன்று வயது."

"இத அவனுக்குக் குடுத்தீங்களா?"

"இல்லை. வாடிக்கையாளர் ஒரு பெட்டி நிறையத் தந்தார். வாங்கவில்லை."

"ஏன்?"

"மூடி சரியில்லை என்று தெரியும்."

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் எழுந்து வெளியே குழாயடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். அமுதா பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரி பைலை எடுத்தாள். கடைசித் தாளாக அந்தப் பதில் கடிதம் இருந்தது. என் அலுவலகத் தட்டச்சு. மடிப்புகளில் கிழிந்து ஒட்டப்பட்டிருந்தது. குறிப்பிட்ட வரியின் கீழே பென்சில் கோடு.

நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனேன்.

"அடிக்காதீங்க" என்றாள். "அது அங்கியே இருக்கட்டும். கீழ எழுதுங்க. தமிழ்ல."

எழுதினேன். 'மேலே உள்ள வரியை எழுதியவன் நான். இது பொம்மை என்று தெரிந்தே அலங்காரப் பொருள் என்று எழுதிக் கொண்டுவந்தேன். இதன் மூடி மூடாது என்பதை விற்பனைக்கு வருமுன்பே பார்த்தேன். குழந்தையின் தாய்மேல் எந்தத் தவறும் இல்லை.' கையெழுத்திட்டுத் தேதி போட்டேன்.

"அட்ரசு" என்றாள்.

எழுதினேன்.

"இத வெச்சுக் கேஸ் போடலாமாண்ணே?" லூர்துநாதனைக் கேட்டாள்.

"போடலாம்" என்று நான் சொன்னேன். "கூப்பிட்ட இடத்துக்கு வந்து இதையே சொல்கிறேன். அந்த முயலையும் வைத்துக்கொள்ளுங்கள்."

"போடறோமோ இல்லியோ." தாளை எடுத்து, ஈர முகத்தோடு வாசலில் நின்ற கணவனிடம் நீட்டினாள். "படிங்க. எனக்குக் கேக்கற மாதிரி."

வேல்முருகன் படித்தார். முதல் மூன்று வாக்கியங்களை ஒரே சீராகப் படித்தார். கடைசி வாக்கியத்தில் நின்றார். அவள் தையலைக் கையில் எடுத்துக்கொண்டாள், ஆனால் தைக்கவில்லை. அவர் அந்த வாக்கியத்தைப் படித்து முடித்தார். பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு முறை படித்தார்.

"மெட்ராஸ் பஸ்ஸு அஞ்சுக்கு இருக்கு" என்றாள் அமுதா என்னிடம். "கெளம்புங்க." மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாலை 4.45, பேருந்து நிலையம். லூர்துநாதன் இறக்கிவிட்டார். "போய்ட்டு வாங்கன்னு சொல்ல வாய் வரல. போங்க" என்றார். வண்டியைக் கிளப்பியவர் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

5.50. கனகசெட்டிக்குளம் தாண்டியதும் தமிழ்நாட்டு எல்லைச் சாவடி. மலிவு விலை மதுவைக் கடத்துகிறார்களா என்று பார்க்க மதுவிலக்குக் காவலர்கள் பேருந்தில் ஏறினார்கள். வெயில் இன்னும் இருந்தது. முன்னால் இருந்த இளைஞர்களின் பைகளைத் திறந்து பார்த்தார்கள். என் நரையைப் பார்த்த காவலர் திறக்கச் சொல்லவில்லை.

"பையில என்ன பெரியவரே?"

நாற்பது ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நான் எழுதித் தந்ததை நம்பினார்கள். வீட்டில் என் பேரன்களுக்கு மட்டும் நான் எழுதிய தாளை நம்பாமல் பொருளைத் திருப்பிப் பார்த்தே கொடுத்தேன். மற்ற வீடுகளுக்குத் தாளை அனுப்பினேன்.

"திறந்து பாருங்கள்" என்று பையை நீட்டினேன்.

"பரவால்ல, சொன்னா போதும்."

"இல்லை. பாருங்கள்."

அவர் சலித்துக்கொண்டு பையை விரித்துப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.