அட்டென்ஷனில் நிற்காதவன்

உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு வருகிற பாதையில் நீலத் தகரம் போட்ட அரிசி ஆலையைக் கண்டிருப்பீர்கள். அது நான் கட்டியது. அதன் பின்னால் நிற்கிற இரண்டு நெல்லுக் களஞ்சியங்களும் நான் கட்டியவைதான். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது ஆலை இருந்த இடத்தில் நாலு சீமெந்துத் தூணும் ஒரு நாயும் மட்டுமே நின்றன. தூண்களை வைத்துக்கொண்டு மறுபடி எழுப்பினேன். நாயும் என்னோடேயே இருந்துவிட்டது. பாறைதான் வரும், காசைக் கரியாக்காதே என்று எல்லோரும் சொன்ன காணியில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். பிள்ளைகள் நால்வரையும் படிப்பித்தேன். நான் படித்ததோ ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை.

ஆங்கிலம் எனக்கு வராது. ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி என்னளவுக்குப் பட்டறிந்தவன் இந்த வட்டாரத்தில் இல்லை. அட்டென்ஷன் என்பது அந்தச் சொல். வங்கியிலிருந்து எனக்கு வருகிற கடிதத்தில் என் பெயருக்கு முன்னால் அது நிற்கும். வவுனியா ஆசுபத்திரியில் மனைவி கிடந்தபோது, இவவுக்கு அட்டென்ஷன் காணாது என்று டொக்டர் தாதியைக் கண்டித்தார். போன தவணை, பேத்திக்கு வகுப்பில் அது இல்லை என்று ரீச்சர் எழுதி அனுப்பியிருந்தா. அப்படியென்றால் என்னதான் என்று பேத்தியிடமே கேட்டேன். அவள் அகராதியைப் பார்த்து, மனத்தை ஒன்றின்மேல் வைப்பது முதலாவது அர்த்தம், அக்கறையாகப் பார்த்துக்கொள்வது அடுத்தது, விறைப்பாக நிற்பது கடைசியில் வருகிறது என்றாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கடைசியை மட்டும்தான் படிப்பித்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அக்கா ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் என்பது வாய்க்கால் கட்டோரமாக ஒரு கிடுகுக் கொட்டில், இடுப்பளவுக்கு மண்சுவர். ஐந்தாம் வகுப்போடு அது முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க ஐந்து மைல் நடக்க வேண்டும், நடுவில் காடு. பொம்பிளைப் பிள்ளையை அந்தப் பாதையால் விட ஏலாது என்று ஐயா சொல்லிவிட்டார். ஐயா ஒன்றை ஒருக்கால்தான் சொல்லுவார். அக்கா குசினிக்குள் இருந்து இரண்டு நாள் அழுதாள். வகுப்பில் முதலாம் பிள்ளை அவள். எனக்குத் தெரியாத கணக்கையெல்லாம் சாம்பலில் விரலால் எழுதிக் காட்டுவாள்.

பெரிய வாத்தியார் ஆறாம் வகுப்புக் கேட்டு மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில், கல்வி அதிகாரி நேரில் வந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து எங்களுக்குப் படிப்பில்லை, பயிற்சிதான். வாத்தியார் அட்டென்ஷன் என்றதும் முப்பத்தெட்டுப் பேரும் வரிசையில் விறைத்து நிற்க வேண்டும். அவர் மறுபடி சொல்லும் வரைக்கும் கை, கால், வாய் ஒன்றும் அசையக்கூடாது. இலையான் மூக்கில் இருந்தாலும் இருக்கட்டும், அது களைத்துப் போய்ப் பறக்கும் என்றார். நான் உயரம் என்றபடியால் முன்வரிசை ஓரத்தில் விட்டார். அழகான பெடியனை முன்னுக்கு விட்டிருக்கிறார் என்று நான் வீட்டில் சொன்னேன்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். முதல் நாள் பெய்த மழையில் வாய்க்கால் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. சாரதி ஜீப்பைக் கட்டின் சரிவில் நிறுத்தி, முன் சில்லுக்கு ஒரு அரைச் செங்கல்லை வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனார். அதிகாரி உள்ளே வந்து எங்களைப் பார்த்தபடி நின்றார். பெரிய வாத்தியார் அவருக்குப் பக்கத்தில். அட்டென்ஷன் என்ற குரலுக்கு நாங்கள் விறைத்தோம். அவர்கள் இருவருக்கும் முதுகுப் பக்கம் ஜீப், எங்களுக்கு நேரே முன்னால் ஜீப்.

அந்தச் செங்கல் ஈரமண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருப்பதை நான் கண்டேன். மற்றவர்களும் பிறகு கண்டார்கள், முதலில் கண்டது நான். எங்கள் மாட்டுவண்டிச் சில்லுக்குக் கட்டை வைப்பது வீட்டில் என்னுடைய வேலை. சரிவில் நிற்கிற சில்லு எப்போது பொறுக்கும், எப்போது பொறுக்காது என்று எனக்குத் தெரியும். அந்தச் சில்லு பொறுக்கப்போவதில்லை. ஜீப் வாய்க்காலுக்குள் போனால் அதிகாரி எந்த முகத்தோடு திரும்பிப் போவார் என்பதை அறியப் படிப்புத் தேவையில்லை. அக்கா எனக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் நின்றாள். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அவளும் கண்டுவிட்டாள்.

சில்லு அரை முழம் உருண்டது. நான் வரிசையை விட்டேன். பக்கத்து மண்சுவரால் குதித்து, பிள்ளைகளுக்குப் பால் காய்ச்ச அடுக்கியிருந்த விறகில் ஒரு பாலைமரக் கட்டையை இழுத்துக்கொண்டு ஓடினேன். என் பாரத்துக்கு ஏற்ற கட்டை இல்லை அது. எப்படித் தூக்கினேன் என்று கேட்காதீர்கள். முன் சில்லுக்குக் கீழே கொடுத்து, குந்தியிருந்து இரண்டு காலாலும் கட்டையை உதைத்துப் பிடித்தேன். ஜீப் கட்டையில் ஏறப் பார்த்தது, முனகியது, நின்றது. சில்லுக்கும் வாய்க்காலுக்கும் இடையில் நான் மட்டும்தான் இருந்தேன். சாரதி முகத்தில் தண்ணீர் வழிய ஓடி வந்து பிரேக்கை இழுத்தார். "தம்பி, சொல்லிப்போடாத ராசா, என்ர வேலை போயிடும்" என்றார்.

நான் இடுப்பு மட்டும் சேறோடு திரும்பி வந்தேன். அதிகாரி கொட்டிலின் பின்பக்கத்தில், சுவரில் தொங்கிய தேசப்படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெரிய வாத்தியார் பிரம்பால் ஏதோ ஆற்றைக் காட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி திரும்பி என்னைக் கண்டார்.

"இவன் எங்கை போட்டு வாறான்?"

"ஒண்டுக்குப் போனவன் சேர்" என்றார் வாத்தியார். "கேக்காமல் போயிட்டான்."

நான் வாயைத் திறந்தேன். ஜீப்பைப் பிடித்தவன் நான் என்று ஊருக்கே கேட்கச் சொல்லத்தான் திறந்தேன். சாரதி கெஞ்சியது அந்த நேரம் என் நினைவிலேயே இல்லை.

"வாயைத் திறக்காத. கையை நீட்டு" என்றார் வாத்தியார்.

தேசப்படத்தில் ஆற்றைக் காட்டிய அதே பிரம்பு உள்ளங்கையில் இரண்டு தரம் விழுந்தது. அதிகாரி தலையாட்டினார். பிள்ளைகள் நல்ல ஒழுங்கு, ஒருத்தனைத் தவிர என்று சொல்லி, கொண்டுவந்த தாளில் எழுதினார். தை மாதத்திலிருந்து ஆறாம் வகுப்பு நடத்தலாம் என்று அங்கேயே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை, கை அப்படி எரிந்தது.

அன்று பின்னேரம் வாத்தியார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டா. நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஆறாம் வகுப்பு வந்துவிட்டது, இனிப் பிள்ளையை நிற்பாட்ட ஒரு சாட்டும் இல்லை என்று ஐயாவிடம் சொன்னார். ஐயா "சரி, படிக்கட்டும்" என்றார். பிறகு, இவன் ஏதும் குழப்படியோ, கை வீங்கியிருக்கு என்று என்னைப் பற்றிக் கேட்டார்.

"இவனிலை ஒரு பிழையும் இல்லை" என்றார் வாத்தியார்.

பிழை இல்லாதவனுக்கு ஏன் அடித்தார் என்று நான் வைக்கோலைக் கடித்தேன். அவர் போகிற வழியில் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். சில்லுக்கு நான் வைத்திருந்த கட்டையைக் காலால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மனிதருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வருசம் ஐந்தாம் வகுப்பின் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு ஐயாவோடு வயலுக்குப் போனேன். அந்த இரண்டு அடியும் அதற்கு ஒரு காரணம் என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தேன்.

அக்கா அந்த ஆறாம் வகுப்பில் ஏறி, மேலே மேலே படித்து, ஆசிரியையாகி, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டா. போன வருசம் என்னிடம் வந்து தங்கியிருந்தபோது, பேரப்பிள்ளைகளுக்கு நான் ஜீப்புக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீ தனிய ஜீப்பைப் பிடிச்சனீ எண்டு இன்னும் சொல்லித் திரியிறாய். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றா.

பிறகு சொன்னா. எங்கள் எல்லோருடைய கண்ணும் ஒரு பக்கம் போனதை வாத்தியார் கண்டாராம். தோளுக்கு மேலால் ஒருக்கால் திரும்பிப் பார்த்தாராம். நான் கட்டையோடு ஓடுவதைக் கண்டதும் அவருடைய முகம் சுண்ணாம்பாகிவிட்டதாம். அடுத்த கணமே அதிகாரியின் முழங்கையைத் தொட்டு, சேர், எங்கட தேசப்படத்தை வந்து பாக்கவேணும் என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாராம். பிரம்பு ஆற்றிலிருந்து கடலுக்கும், கடலிலிருந்து மலைக்கும் போய்க்கொண்டே இருந்ததாம். சத்தம் போட்டு என்னைத் திருப்பிக் கூப்பிட்டிருந்தால் அதிகாரி திரும்பியிருப்பார். அவர் கூப்பிடாமல் விட்டு, சில்லு என்மேல் ஏறியிருந்தால் அந்த மனிதர் என்ன ஆகியிருப்பார் என்று அக்கா கேட்டா.

ஒன்பது வயதில் எனக்குக் கை எரிந்தது மட்டும்தான் தெரிந்தது. அடித்தவரின் கையும் எரிந்திருக்கும் என்று தெரியவில்லை. அந்த இரண்டு அடி விழாமல் இருந்தால் அதிகாரி என் சேற்றைப் பற்றி மேலும் கேட்டிருப்பார், சாரதியின் பிழைப்பும் போயிருக்கும், அக்காவின் வகுப்பும் போயிருக்கும் என்பதும் தெரியவில்லை. வாத்தியார் இப்போது இல்லை. இருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன், என்ன சொல்லியிருப்பேன் என்று மட்டும் தெரியாது.

இந்த வருசம் பள்ளிக்கூடத்துக்கு விழா எடுக்கிறார்கள். புதிய மண்டபச் சுவரில் பதிக்கிற கல்லில், ஆறாம் வகுப்பைப் பெற்றுத் தந்தவர் என்று பெரிய வாத்தியாரின் பெயரைப் போடப்போகிறார்களாம். போடட்டும், பெரிய எழுத்தில் போடட்டும். ஆனால் அதற்குக் கீழே என் பெயரும் வரவேண்டும். அவர் அதிகாரியைப் பிடித்தார், நான் ஜீப்பைப் பிடித்தேன். இரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் ஆறாம் வகுப்பு இல்லை. விழாக் குழுவினர் இதை எனக்காகச் செய்யவேண்டாம், நடந்தது அதுதான் என்பதற்காகச் செய்யட்டும். சின்ன எழுத்தென்றாலும் பரவாயில்லை, ஆனால் அவருடைய பெயருக்கு நேர் கீழே.