தளும்பாத வண்டி

எங்கள் வீட்டில் இருந்ததை ஸ்கூட்டர் என்று சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. வெஸ்பா என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன், பெரிய மாமா வைத்திருந்தது அதைவிடப் புதிதான லாம்ப்ரெட்டா. இரண்டுமே இத்தாலிக்காரன் வரைந்து கொடுத்த வண்டிகள் என்பதில் இருவருக்கும் ஒரே பெருமை. எது ஒசத்தி என்பதில்தான் தகராறு. மாமா வெள்ளகோவிலிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்தால் காப்பி ஆறும்வரை அதே பேச்சு.

“உங்க வண்டி திரும்போணும்னா ரெண்டு ஏக்கரா காடு வேணுமுங்க மச்சான்.”

“உங்க வண்டி கீழ கடுகு கெடந்தாலும் ஏறி எறங்குமுங்க மாப்ள.”

வெஸ்பாவின் எஞ்சின் வலப்பக்கம் இருந்தது. அதனால் அப்பா இடப்பக்கம் சாய்ந்தே ஓட்டுவார். நடக்கும்போதும் அப்படித்தான் நடக்கிறார் என்று அம்மா கேலி செய்வாள்.

நான் மூன்றாவது படிக்கும்போது அம்மா முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. உடம்பு குலுங்கக் கூடாது, ஆனால் தவறாமல் காங்கேயத்துக்கு வந்து காட்ட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பஸ்ஸிலோ நிற்கவும் இடம் கிடைக்காது. அம்மாவை எந்த வண்டியில் கூட்டிப்போவது என்று வந்தபோது, விளையாட்டாய் இருந்த தகராறு அன்றைக்கு விளையாட்டாய் இல்லை.

“நானே ஏறிப் பாத்துப்போடறேன்” என்றாள் அம்மா.

“நீ சும்மா இரு அம்மணி” என்ற மாமா, தூக்குபோசியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி என் மடியில் வைத்தார். அம்மா உட்காருவதுபோல ஒரு பக்கமாய்க் கால் போட்டு நான் பின்னால் உட்கார வேண்டும். இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் வாய்க்கால் பாலம்வரை போய் வர வேண்டும்.

முதலில் அப்பா. வளைவில் வண்டி வழுக்கிக்கொண்டு போனமாதிரி திரும்பியது. ஆனால் சின்னச் சக்கரம் ஒரு பள்ளத்தையும் விடவில்லை. வீடு திரும்பியபோது தண்ணீர் பாதிக்கு மேல் என் பாவாடையில் இருந்தது.

அடுத்து மாமா. அதே வளைவில் வண்டி அகலமாய்ச் சுற்றி, வேலி முள் என் காலைக் கீறியது. ஆனால் பள்ளத்தில் சக்கரம் மெத்தென்று இறங்கி ஏறியது. என் சீட்டுக்குச் சேதியே வரவில்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூடச் சிந்தியிருக்காது.

“மாமாதான் ஜெயிச்சாரு” என்று கத்தினேன். அப்பா போசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் மாமா லாம்ப்ரெட்டா சாவியை அப்பாவின் சட்டைப்பையில் போட்டார். “வளைவுல மட்டும் மெதுவாப் போங்க மாப்ள.”

“நம்முளது வலப்பக்கம் இழுக்குமுங்க. கொஞ்சம் எடப்பக்கம் சாஞ்சு உக்காந்துக்குங்க” என்றார் அப்பா. வெஸ்பாவை அவர் அதற்குள் துடைத்து வைத்திருந்தார்.

மாமாவுக்கு வெண்ணெய் வியாபாரம். சந்தை சந்தையாய் தினமும் அலைகிறவர்.

“ஏம்மா, மாமாதான ஜெயிச்சாரு? அப்பறம் எதுக்கு நம்ம வண்டிய எடுத்துட்டுப் போறாரு?” என்று கேட்டேன். அம்மா இட்டேரியில் புழுதி அடங்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு மாமா பார்க்க வந்தார். வெஸ்பாவிலிருந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இடப்பக்கம் சாய்ந்தபடி நடந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அச்சு அசல் அப்பாவின் நடை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. தம்பியைக் கொண்டுவந்து மாமாவின் மடியில் வைத்தாள்.