குளத்தடி ஆக்கள்

என் ஏழு வயது மகளின் வகுப்பில் ஒரு பையனுடைய குடும்பப் பெயர் ஃபுல்லர். அது ஒரு தொழிலின் பெயராம். புதிதாய் நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்து அழுக்கெடுத்தவர்களை இந்த நாட்டில் முன்பு அப்படி அழைத்திருக்கிறார்கள்.

"பழைய மூத்திரத்துக்குள்ள நிண்டு மிதிச்சவையாம், அம்மா. அவன் பெருமையாச் சொல்லுறான்," என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வெள்ளிக்கிழமை அசெம்பிளியில நாங்களும் சொல்லவேணும். எங்கட ஆக்கள் என்ன வேலை செய்தவை?"

என் அப்பாவின் அப்பாவும் அவருக்கு முந்தியவர்களும் ஊருக்குத் துணி வெளுத்தவர்கள். இங்கே தொழிலைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்கள். எங்களிடம் அதைக் கேட்பது சாதியைக் கேட்பது. விம்பிள்டன் கோயிலில் யாராவது "ஊரில எவடம்?" என்றால், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வேன். துணி வெளுப்பவர்கள் குடியிருந்த குளத்தடி என்றால் அவர்களுக்குச் சாதி விளங்கிவிடும்.

"உம்மட அப்பா வாத்தியார்தானே, அதைச் சொல்லட்டும்," என்றார் கணவர். "மோர்டனில இருக்கிற தமிழாக்கள் பாதிப்பேர் பிள்ளையளைப் பார்க்க அங்க வந்து இருப்பினம்."

அதுவும் பொய்யில்லை. ஆனால் மனம் ஆறவில்லை. சொன்னால் பிள்ளையை ஒதுக்குவார்களோ? சொல்லாவிட்டால் ஒளிக்கப் பழக்குகிறேனோ? வியாழக்கிழமை அவளுடைய பள்ளிச் சட்டையை அயன் பண்ணும்போது சொல்லிவிட்டேன்.

"துணி வெளுத்தவை. உவர்மண்ணில ஊறவைச்சு, ஆவியில அவிச்சு, குளத்துக் கல்லில அடிச்சு வெளுத்தவை. கலியாண வீட்டில அத்தனை வெள்ளை வேட்டியும் அவையின்ர கையால போனதுதான்."

சொல்லச் சொல்ல என் குரலில் பெருமை ஏறுவது எனக்கே கேட்டது.

"மூத்திரம்?"

"இல்லையடி."

"அப்ப அவன்ர ஆக்களைவிட எங்கட ஆக்கள் கெட்டிக்காரர்."

அதையெல்லாம் அவள் மறுநாள் அசெம்பிளியில் ஆங்கிலத்தில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள். உவர்மண்ணைக்கூட விடவில்லை. ஃபுல்லர் பையன்தான் முதலில் கைதட்டினான். கணவர் கொஞ்சம் பிந்தித் தட்டினார், ஆனால் நிறுத்தவில்லை.

முன்வரிசையில் இருந்த அக்கா ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"உங்கட மகளோ?"

"ஓம், என்ர மகள்."

"ஊரில எவடம் நீங்கள்?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். பிறகு, அவர் கேட்காமலே, "குளத்தடி," என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.