ஒரு வரியை அழித்தேன்

அப்பா சிவகாசியில் பட்டாசு லேபிள்களுக்குப் படம் வடிவமைத்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தார். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த அந்த விடுமுறையில் அங்கே எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது. பழைய லேபிள்களை ஸ்கேன் செய்தால் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு பெயர் வைத்துவிடும். ஆர்டர் கொடுத்தவர்களுக்கு அது ஆகாது. கம்பெனியின் பெயர், வருஷம், வரிசை எண் என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு படமாகத் தொட்டு, பழைய பெயரை அழித்து, புதுப் பெயரை அடிப்பது என் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது படம் முடிப்பேன். கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா, "எம் மக இல்லேன்னா இந்தக் கடையே ஓடாது, பாத்துக்கோங்க" என்பார். அவர் அதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குச் சலிக்கவில்லை.

அப்போதுதான் பெரியப்பா மகள் ஆமத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். விருதுநகரில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்திருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது. விவசாயம் பார்க்கும் பெரியப்பாவுக்குப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பத் தயக்கம். வந்த அன்றே சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா கேட்டுவிட்டாள்.

"சித்தப்பா, நீங்க ஒரு வார்த்த சொன்னா அப்பா அனுப்பிருவாக."

"கடையில ஒரு மாசம் கூடமாட இரு தாயி. ஒன் வேலையப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

அதுவரை அந்த வீட்டில் தாயி என்றால் நான் மட்டும்தான்.

மறுநாள் அக்கா, கல்லூரியில் அரசாங்கம் அவளுக்கு இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பை என் மேஜையில் வைத்துத் திறந்தாள். கறுப்புத் திரை ஒன்று வந்தது. படம் இல்லை, பொத்தான் இல்லை, ஓரத்தில் ஒரு கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. "இங்க என்ன சொன்னாலும் செய்யும். ஆனா சொன்னத மட்டுந்தான் செய்யும். தெனமும் சொல்ல வேண்டியத ஒரு ஃபைல்ல வரிவரியா எழுதி வச்சிட்டா, மேலருந்து கீழ அதுவே படிச்சுச் செஞ்சிரும். அதுக்குப் பேருதான் ஸ்கிரிப்ட்" என்றாள். பார்க்கவே கூடாது என்று உறுதியாக இருந்த நான் ஒரு எழுத்து விடாமல் பார்த்தேன்.

அவள் எழுதியது ஆறேழு வரிதான். எண் என்று ஒரு பெட்டி வைத்துக்கொள், அதில் ஒன்றைப் போடு. இந்த ஃபோல்டரில் இருக்கிற படங்களை ஒவ்வொன்றாக எடு. கம்பெனி பெயர், வருஷம், பெட்டியில் இருக்கும் எண், மூன்றையும் சேர்த்துப் புதுப் பெயராக வை. பெட்டியில் ஒன்று கூட்டு. அடுத்த படத்துக்குப் போ. நேரடியாக ஓட்டிவிடவும் இல்லை. பெயரை மாற்றாமல், எப்படி மாற்றப்போகிறாய் என்று முதலில் திரையில் எழுதிக் காட்டச் சொன்னாள். வரிசையாக வந்து விழுந்த பெயர்களைப் படித்துத் தலையாட்டிவிட்டு, பிறகுதான் மாற்றச் சொன்னாள். எனக்கு ஐந்து நாள் பிடிக்கும் வேலை. நான் தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

அப்பா எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து பைண்டிங் கடைக்காரர் வந்தார். "எங்க அண்ணன் மக" என்று சொல்லிச் சொல்லி அப்பாவுக்கு வாய் ஓயவில்லை. என்னிடம், "நீ போய் வெளையாடு பாப்பா, இனி ஒனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து எம். புதுப்பட்டிக் கம்பெனி ஒன்றின் ஆர்டர். முந்நூறுக்கு மேற்பட்ட லேபிள்கள், இரண்டு வாரமாக ஸ்கேன் செய்து சுத்தப்படுத்தியவை. வாங்கிப்போக ஆள் வந்து வாசலில் நின்றார். அவசரத்தில் அக்கா அன்று படங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. எழுதிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள், சரியாக இருந்தது. இனி ஓட்ட வேண்டியதுதான் என்ற நேரத்தில் அப்பா கூப்பிட்டார் என்று எழுந்து போனாள்.

அந்த ஃபைல் திறந்தே கிடந்தது. பெட்டியில் ஒன்று கூட்டு என்ற வரியை அழித்தேன். சேமித்தேன். நாற்காலியை முன்பு இருந்தபடியே தள்ளி வைத்தேன். எல்லாப் படத்துக்கும் ஒரே பெயர் வரும், அக்கா அசடு வழிவாள், மறுபடி ஒவ்வொன்றாக மாற்ற என்னைக் கூப்பிடுவார்கள். நான் கணக்குப் போட்டது அவ்வளவுதான். ஒரே பெயரில் இரண்டு படம் இருக்க முடியாது, பின்னால் வருவது முன்னால் வந்ததை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்பதும், அந்தக் கறுப்புத் திரை அதற்கு முன் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காது என்பதும் எனக்குத் தெரியாது.

அக்கா வந்து ஓட்டினாள். ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு படம், ஒரு புஸ்வாண லேபிள், இருந்தது.

"மத்ததெல்லாம் எங்க தாயி?" என்றார் அப்பா.

அக்கா ஸ்கிரிப்டைத் திறந்து மேலிருந்து கீழே படித்தாள். ஒன்று கூட்டு என்ற வரி இருக்க வேண்டிய இடத்தில் அவள் கண் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பிரின்டரில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

"ஒரு வரிய விட்டுட்டேன் சித்தப்பா. எந் தப்புதான்."

அப்பா கத்தவில்லை. வாசலில் நின்றவரிடம் போய், "பத்து நாள் பொறுத்துக்கோங்க" என்று கெஞ்சினார். அதன்பிறகு எல்லாம் பழையபடி. அக்கா லேபிள்களைத் திரும்ப ஸ்கேன் செய்தாள், நான் கையால் பெயர் மாற்றினேன். "நம்ம பாப்பா செஞ்சா தப்பு வராது" என்றார் அப்பா. பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பத்து நாளும் எனக்கு நன்றாகப் பசித்தது.

ஒரே ஒரு தடவை, நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது, அக்கா கேட்டாள்: "ஏ பிள்ள, அத்தன வரியில அந்த ஒண்ண மட்டும் எப்படிக் கண்டுபிடிச்ச?" அவள் குரலில் கோபமே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. எதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் அடுத்த லேபிளை எடுத்து ஸ்கேனரில் வைத்தாள்.

மாசக் கடைசியில் பெரியப்பா வந்தார். நான்தான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். "மெட்ராசுக்கு அனுப்பலாமாடா? நீ என்ன சொல்லுத?" என்று அப்பாவிடம் கேட்டார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் பொறுப்பு வரட்டும்ணே."

நான் வாய் திறக்கவில்லை. இன்றுவரை அப்பாவிடம் சொல்லவும் இல்லை. தை பிறந்ததும் அக்காவுக்குக் கல்யாணம் முடித்தார்கள், சாத்தூரில் கொடுத்தார்கள்.

அந்த மாசக் கடைசியில் பெரியப்பாவும் அக்காவும் ஆமத்தூருக்குப் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். அவள் இனி எங்கள் கடைக்கு வரமாட்டாள் என்பது ஒன்றுதான் அன்று எனக்குப் புரிந்தது. இனி அவள் எங்கேயுமே போகப்போவதில்லை என்பது புரியவில்லை.